ஆன்டிவைரஸும் ஃபைல் திறக்கும் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் சில கடைகள், சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் மூத்தவர்களின் மடிக்கணினிகளுக்கும் உதவி செய்வேன். எங்கே போனாலும் ஒரே புகார்: "இந்த ஆன்டிவைரஸ்தான் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்குது." பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம் குற்றவாளி வேறு யாரோ. அலுத்துக்கொண்டு பாதுகாப்பையே அணைத்துவிட்டவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன. என்னிடம் வருபவை பெரும்பாலும் விண்டோஸ் இயந்திரங்கள் என்பதால் பதில்களும் அதையொட்டியே இருக்கும்.

அண்ணே, ஆன்டிவைரஸ் போட்டா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகும்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?

ஆமாம், ஆகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வேலை கூடுதலாக நடக்கிறது, அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்குமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாத புது வகையான எஸ்எஸ்டியா, நீங்கள் திறப்பது ஒரு ஃபைலா ஓராயிரம் ஃபைலா, அந்த நேரத்தில் பின்னால் முழுச் சோதனை ஏதாவது ஓடுகிறதா.

மூன்று வருடத்துக்குள் வாங்கிய மடிக்கணினியில் ஒரு வேர்ட் ஆவணத்தைத் திறக்கும்போது வித்தியாசம் தெரியவே தெரியாது. பத்து வருடப் பழசில் ஆயிரம் ரசீது உள்ள ஃபோல்டரைத் திறந்தால் நன்றாகவே தெரியும்.

ஒரு ஃபைலைத் திறக்கும்போது அது அப்படி என்னதான் பண்ணுது?

இதைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். நீங்கள் ஒரு ஃபைலை இரண்டு முறை சொடுக்கியதும், "இதைத் திற" என்ற வேண்டுகோள் நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. விண்டோஸின் கெர்னல் என்னும் அடித்தளத்தில் ஃபில்டர் மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்ட மினிஃபில்டர் என்ற சிறு டிரைவர் நிரல்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உயரத்தைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கும் எண்கள் 320000-இல் தொடங்குகின்றன. வேண்டுகோள் அந்த அடுக்கின் வழியாக இறங்கும்போது ஆன்டிவைரஸின் டிரைவர் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஃபைலின் உள்ளடக்கத்தைப் படித்து, தெரிந்த தீநிரல்களின் (வைரஸ் போன்ற கெட்ட நிரல்களின்) அடையாளங்களோடு ஒப்பிட்டு, சந்தேகம் இல்லையென்றால் விடுகிறது. அதுவரை உங்கள் வேர்டோ எக்செல்லோ காத்திருக்கும். உங்களுக்குத் தெரியும் தாமதம் இந்தக் காத்திருப்புதான்.

மாற்றி எழுதிய ஃபைலைச் சேமித்து மூடும்போதும் ஒரு சோதனை உண்டு. உள்ளே வருவதையும் பார்க்க வேண்டும், வெளியே போவதையும் பார்க்க வேண்டும் அல்லவா.

ஒரே ஃபைலை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறக்கிறேன். பத்து தடவையும் சோதிக்குமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு தடவை பார்த்து "நல்லது" என்று முடிவு செய்த ஃபைலை இப்போதைய ஆன்டிவைரஸ்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஃபைல் மாறாதவரை அடுத்த தடவை கேள்வி கேட்காமல் விட்டுவிடும். ஃபைல் மாறினால் மறுபடி பார்க்கும். வைரஸ் அடையாளப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டாலும் மறுபடி பார்க்கும். நேற்றைய பட்டியலில் இல்லாதது இன்றைய பட்டியலில் இருக்கலாம். அந்தப் பட்டியல் ஒரு நாளில் பல தடவைகூடப் புதுப்பிக்கப்படும்.

காலையில் முதல் தடவை திறக்கும்போது தாமதமாகவும் மதியம் அதே ஃபைல் சட்டென்றும் திறப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸே அண்மையில் படித்த ஃபைல்களை ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சோதனை செய்து பார்க்கும்போது ஏமாந்துபோவோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கிள், நாலு ஜிபி வீடியோ சட்டுனு காப்பி ஆகுது. அதே நாலு ஜிபி புராஜெக்ட் ஃபோல்டர் மட்டும் ஏன் அரை மணி நேரம் எடுக்குது?

இதைக் கேட்டவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர். அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். இணையதளப் பயிற்சிக்காக இறக்கிய நூலகங்கள், அவற்றுக்குள் இன்னும் நூலகங்கள் என்று பல்லாயிரம் குட்டி ஃபைல்கள். பல ஃபைல்கள் ஒரு கேபிகூட இல்லை. காப்பி ஆகும்போது வேகத்தைக் காட்டும் அந்தப் பச்சைக் கோடு சிறிது தூரம் ஓடும், அப்படியே தரையோடு படுத்துவிடும், மறுபடி ஒரு பெரிய படம் வந்தால் எழும்பும். அந்தக் கோடு படுக்கும் இடமெல்லாம் குட்டி ஃபைல்கள்.

காலை நேரத்தில் வுட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஜோகூரிலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் வரிசையை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் சேர்ந்தாலும் ஒரு லாரிச் சுமை எடைதான் வருமோ என்னவோ, ஆனால் ஒவ்வொருவரும் நின்றுதான் போக வேண்டும். லாரி ஒரு தடவை நின்றால் போதும். ஆன்டிவைரஸின் செலவும் இப்படி எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. ஜிபி கணக்கு இரண்டாம்பட்சம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆன்டிவைரஸே இல்லாவிட்டாலும் குட்டி ஃபைல்கள் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிய, தேதி பதிய, திறக்க, மூட என்று டிஸ்க்குக்கே வேலை இருக்கிறது. ஆன்டிவைரஸ் அதன் மேல் இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. ஃபோல்டரை ஒரே ஜிப் ஃபைலாக்கி நகர்த்தினால் பயணம் வேகமாகும். ஆனால் மறுமுனையில் பிரிக்கும்போது ஒவ்வொரு ஃபைலும் புதிதாகப் பிறக்கிறது, ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். பிரிக்கத் தேவையே இல்லாத காப்புப் பிரதி என்றால் ஜிப் மிக நல்ல வழி.

தம்பி, காலைல ஒன்பது மணிக்கு கணக்கு ஃபைலைத் தொடவே முடியல. பத்தரைக்கு மேல தானா சரியாயிடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் அக்கா கேட்டது. தீபாவளி வியாபாரம் சூடு பிடித்த வாரம். நான் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். கணினியைப் போட்டார், கடவுச்சொல் அடித்தார், எக்செல்லைச் சொடுக்கினார். எக்செல்லின் பச்சைச் சின்னம் வந்தது, வெள்ளைச் சன்னல் வந்தது, அதோடு சரி. பெட்டியின் முன்புறம் இருக்கும் சிறு விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம், சிவந்து நின்றது. அந்தத் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தியதும் முதல் வரியில் ஆன்டிவைரஸின் பெயர்.

விஷயம் இதுதான். முழுச் சோதனையை இரவு இரண்டு மணிக்கு என்று யாரோ அமைத்திருந்தார்கள். கடையில் இரவு எட்டரைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். சோதனை நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்து எழுந்ததும் விட்ட வேலையைத் தொடங்கும்படி பல ஆன்டிவைரஸ்களில் ஓர் அமைப்பு உண்டு. அது தினமும் காலை ஒன்பதுக்குச் சரியாகத் தன் கடமையைச் செய்தது.

உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல். படிக்கும் முனை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆன்டிவைரஸ் ஒரு மூலைக்கும் எக்செல் இன்னொரு மூலைக்கும் அதை மாறி மாறி இழுத்தால் இரண்டுமே தவழும். சோதனையை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி, தினமும் என்பதை வாரம் ஒரு தடவை என்றாக்கினோம். அக்கா மறுநாள் ஒன்பது ஐந்துக்கு ரசீது போடத் தொடங்கிவிட்டார்.

தினசரி முழுச் சோதனை பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஃபைலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் வாசலில் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எஸ்எஸ்டி மாத்திட்டா எல்லாம் தீர்ந்துடுமா?

மேலே சொன்ன இழுபறி தீரும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, அலையும் முனையும் இல்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் அரை நாளில் முடியும் வேலை. ஆனால் படித்ததை ஆராய்வது கணினியின் மூளையான சிபியுவின் வேலை. அது பலவீனமாக இருந்தால் அந்தப் பங்குத் தாமதம் அப்படியே இருக்கும்.

டாஸ்க் மேனேஜர்ல ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்னு ஒண்ணு நிறைய சாப்பிடுது. அதுவே வைரஸா?

இல்லை, பயப்படாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் பெயர் அது. வலது சொடுக்கிட்டு "ஓபன் ஃபைல் லொகேஷன்" பாருங்கள். புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ் டிஃபெண்டர் என்று போனால் உண்மையானது. வேறு எங்காவது, குறிப்பாக டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ போய் நின்றால் அப்போது கவலைப்படலாம். அதை "எண்ட் டாஸ்க்" கொடுத்து நிறுத்த முயன்று முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். தீநிரல்கள் அதைக் கொன்றுவிடக்கூடாது என்று விண்டோஸே அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டிப்புப் பாதுகாப்புதானே?

வேண்டவே வேண்டாம். அடுக்கில் இப்போது இரண்டு காவலர்கள். ஒருவர் சோதிக்க ஃபைலைத் திறப்பதை இன்னொருவர் பிடித்துச் சோதிப்பார். சில நேரம் கணினி அப்படியே உறைந்துபோகும். இன்னொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸைப் போட்டால் வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அந்தச் சேர்க்கையில் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது வெளியார் மென்பொருள் இரண்டு சேரும்போது.

இது பெரும்பாலும் தெரியாமல் நடப்பது. புது மடிக்கணினியோடு மூன்று மாத இலவசச் சோதனைப் பிரதி ஒன்று வரும். அது காலாவதியான பிறகு மகன் ஒன்றை வாங்கிப் போடுவார். பழையதை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். நீக்கினாலும் சில நேரம் டிரைவர் மட்டும் உள்ளே தங்கிவிடும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து fltmc என்ற ஐந்து எழுத்தை அடித்தால் அடுக்கில் யார் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் உயர எண்ணோடு வரும். எப்போதோ நீக்கிவிட்டதாக நினைத்த நிறுவனத்தின் டிரைவர் அங்கே இருந்தால், அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டுங்கள், பிறகு கணினியை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

அப்ப காசு கொடுத்து வாங்கறது வீணா?

வீட்டுக்கு என்றால், விண்டோஸோடு வருவதே போதும் என்றுதான் நான் சொல்லிவருகிறேன். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகளில் விபிஎன், குப்பை நீக்கி, பிரவுசர் நீட்சி என்று பலவும் சேர்ந்து வரும். வேகத்தைத் தின்பவை பல நேரம் அந்த உபரிகள்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் உபரிகளை நீக்கிவிட்டு ஆன்டிவைரஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது கணினி உள்ள அலுவலகத்தின் தேவை வேறு. அங்கே எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து கவனிக்க வேண்டும், அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வேலை முடியற வரைக்கும் ஆஃப் பண்ணி வச்சிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வதுண்டு. வேண்டாம். டிஃபெண்டரில் நேரடிப் பாதுகாப்பை, அதாவது ஃபைலைத் தொடும்போதே நடக்கும் சோதனையை, அணைத்தால் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திரும்பி வந்துவிடும், அது ஒரு நல்ல ஏற்பாடு. சில மென்பொருள்களில் அணைத்தால் அணைத்ததுதான், மறந்துவிடுவோம். மெதுவாக இருப்பது எது என்று தெரிந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் வழி செய்யலாம், அடுத்த கேள்வி அதுதான்.

ஒரு மென்பொருளோ ஒரு காணொளியோ "முதலில் ஆன்டிவைரஸை அணையுங்கள், பிறகு இதை நிறுவுங்கள்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2023-இல் இங்கே ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஏபிகே ஃபைலை நிறுவச்சொல்லி ஏமாற்றிப் பலருடைய வங்கிக் கணக்கைத் துடைத்தார்கள். காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்தது. சேமிப்பை இழந்தவர்கள் நம் சமூக மன்றங்களுக்கு வந்து போகிறவர்களைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான்.

எக்ஸ்குளூஷன்னு ஒண்ணு இருக்கே, அதுல எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது?

எக்ஸ்குளூஷன் என்பது "இந்த இடத்தைச் சோதிக்காதே" என்று ஆன்டிவைரஸிடம் கொடுக்கும் விலக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கீழ்ப்பகுதியில் இருக்கும். சரியாகப் பயன்படுத்தினால் மிகவும் நல்லது. நான் சேர்ப்பவை: எப்போதும் திறந்திருந்து நொடிக்கு நொடி எழுதப்படும் கணக்கு மென்பொருளின் தரவுத்தளம், மெய்நிகர் இயந்திரங்களின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியின்) பெரிய டிஸ்க் ஃபைல்கள், புரோகிராம் எழுதுகிறவர்களின் பில்ட் (கட்டுமான) ஃபோல்டர். சேர்க்கும் முன் அந்தக் கணக்கு மென்பொருளின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். எந்த ஃபோல்டரை விலக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட்டே அப்படிப் பட்டியல் தருகிறது.

ஒருபோதும் சேர்க்கக்கூடாதவை: டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டெம்ப், யுஎஸ்பி, மின்னஞ்சல் இணைப்புகள் விழும் இடம், அப்புறம் முழு சி டிரைவ். முழு சி டிரைவையும் விலக்கி வைத்திருந்த ஒரு கணினியை நான் பார்த்திருக்கிறேன். வேகமாகத்தான் இருந்தது. பச்சை டிக் குறியும் "எல்லாம் பாதுகாப்பு" என்று காட்டிக்கொண்டிருந்தது. உரிமையாளருக்கு ஒன்றுமே தெரியாது.

ஃபோல்டரை விலக்குவதும் புரோகிராமை விலக்குவதும் வேறு வேறு. டிஃபெண்டரில் ஃபோல்டரை விலக்கினால் நேரடிச் சோதனையிலும் குறித்த நேரச் சோதனையிலும் அது தப்பிக்கும். புரோகிராமை விலக்கினால், அந்தப் புரோகிராம் திறக்கும் ஃபைல்கள் நேரடிச் சோதனையில் மட்டும் விடப்படும். அதே ஃபைலை வேறொரு புரோகிராம் தொட்டால் சோதிக்கப்படும், குறித்த நேரச் சோதனையும் பார்த்துவிடும். அதனால் முடிந்த இடத்தில் நான் புரோகிராம் விலக்கையே முதலில் போட்டுப் பார்ப்பேன். போட்டது எதுவானாலும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த மென்பொருளை விட்ட பிறகும் விலக்கு மட்டும் திறந்த சன்னலாக அப்படியே கிடக்கும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தாலே பச்சைக் கோடு மேல ஊர்ந்துக்கிட்டே போகுது. அதை விலக்கக்கூடாதுங்கறீங்க, பின்ன என்ன செய்யறது?

சுத்தம் செய்ய வேண்டியதுதான். அங்கே செட்அப் ஃபைல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புரோகிராம் ஃபைலின் சின்னம் அதன் உள்ளேயே இருக்கிறது. பட்டியலில் அந்தச் சின்னத்தைக் காட்ட எக்ஸ்புளோரர் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் சோதனை. நீங்கள் எதையும் சொடுக்காமலேயே ஐம்பது ஃபைல்கள் வரிசையில் நிற்கின்றன. நிறுவி முடித்த செட்அப்பை அழித்துவிடுங்கள், தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

புதுசா இறக்கின புரோகிராம் முதல் தடவை மட்டும் பத்து செகண்ட் யோசிக்குது. ஏன்?

உங்கள் கணினிக்கு அது இதுவரை பார்க்காத ஃபைல். டிஃபெண்டர் சந்தேகப்பட்டால் மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவையிடம் கேட்கும், பதில் வரும்வரை பிடித்து வைத்திருக்கும். வழக்கமான உச்ச வரம்பு 10 வினாடி. அலுவலகங்களில் நிர்வாகி அதை ஒரு நிமிடம்வரை நீட்டலாம். இந்தத் தாமதத்தை மட்டும் குறைக்க முயலாதீர்கள். புதிய தீநிரல்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

சர்வர்ல இருக்கற ஃபைல் மட்டும் மெதுவா திறக்குது. என் கம்ப்யூட்டர்ல இருக்கறது நல்லாத்தான் இருக்கு.

சர்வரிலோ, நாஸ் என்னும் பொதுச் சேமிப்புப் பெட்டியிலோ ஒரு ஆன்டிவைரஸ், உங்கள் மேசையில் ஒன்று. ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் சோதிக்கப்படுகிறது. உங்கள் மேசையில் இருக்கும் ஆன்டிவைரஸ் பார்க்க வேண்டுமென்றால் உள்ளடக்கம் கம்பி வழியாக வந்து சேர வேண்டும். நீங்கள் ஒரு வரியை மட்டும் பார்க்க நினைத்தாலும் அது அதிகமாகப் படிக்கலாம். அதுவும் வைஃபையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கடையின் பின்னறையில் இரண்டு சுவர் தாண்டி இருந்த ஒரு கணினிக்கு நான் செய்தது ஒரு கேபிள் இழுத்தது மட்டும்தான். ஆன்டிவைரஸைத் தொடவே இல்லை, புகார் நின்றுவிட்டது.

எது சோதிக்க வேண்டும் என்று தேர்வு செய்யச் சொன்னால், சர்வர் கட்டாயம் சோதிக்கட்டும். அது உறுதியாகத் தெரிந்த பிறகு மேசைக் கணினிகளில் அந்தக் கணக்குப் புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். இரண்டு பக்கமும் விலக்கி வைத்தால் ஒரே ஒரு கெட்ட ஃபைல் அத்தனை மேசைக்கும் போய்ச்சேரும்.

அங்கிள், புரோகிராம் எழுதறவங்களுக்குன்னு விண்டோஸ் 11-ல ஏதோ தனி டிரைவ் இருக்காமே?

முன்னே புராஜெக்ட் ஃபோல்டர் பற்றிக் கேட்ட அதே மாணவர். டெவ் டிரைவ் என்று பெயர், 2023-இல் வந்தது. குறைந்தது 50 ஜிபி இடம் வேண்டும். அதில் டிஃபெண்டர் "பெர்ஃபார்மன்ஸ் மோட்" என்ற முறையில் இயங்கும். ஃபைலைத் திறக்கும்போது நிறுத்தி வைக்காமல் உடனே விட்டுவிட்டு, சோதனையைப் பின்னாலேயே செய்கிறது. முழு விலக்கைவிட இது பாதுகாப்பு, முழுச் சோதனையைவிட இது வேகம். படிப்புக்காக எழுதும் புரோகிராம்களை மட்டும் அங்கே வையுங்கள், இறக்கிய விளையாட்டுகளுக்கு அது இடமில்லை.

ஆன்டிவைரஸ்தான் காரணம்னு எப்படி உறுதியா சொல்றீங்க?

ஊகத்தில் சொல்லக்கூடாது, அளந்துதான் சொல்ல வேண்டும். பலர் செய்யும் தவறு: ஃபோல்டரை ஒரு தடவை காப்பி செய்வார்கள், ஆன்டிவைரஸை அணைப்பார்கள், மறுபடி காப்பி செய்வார்கள். இரண்டாவது வேகமாக இருக்கும், "பார்த்தீங்களா" என்பார்கள். மூன்றாவது கேள்வியில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை ஃபைல்கள் ஏற்கெனவே ரேமில் இருக்கின்றன, அணைக்காமல் செய்திருந்தாலும் அது வேகமாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அணைப்பதற்குப் பதிலாக அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கிப் பார்த்து, அளந்ததும் விலக்கை எடுத்துவிட வேண்டும்.

டிஃபெண்டர் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைச் சன்னலில் அதற்கென்றே பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் என்ற கருவி இருக்கிறது. பதிவைத் தொடங்கி, மெதுவாக நடக்கும் அந்த வேலையைச் செய்து, பதிவை நிறுத்தினால், எந்த ஃபைலுக்கு, எந்தப் புரோகிராமுக்கு, எந்த வகைக் கோப்புக்குச் சோதனையில் அதிக நேரம் போனது என்று பட்டியல் தரும். விலக்க வேண்டியது எது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தார். பேத்தியின் படங்கள் திறக்கவில்லை, ஆன்டிவைரஸை எடுத்துவிடு தம்பி என்றார். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் ஆன்டிவைரஸ் பட்டியலில் கீழே எங்கோ இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக் என்று மெல்லிய சத்தம், சற்று நிறுத்தம், மறுபடி டிக். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் டிஸ்க்கிலிருந்து 7 என்ற எண்ணோடு பிழைகள் வரிசையாக இருந்தன. மோசமான பகுதி இருக்கிறது என்பது அதன் பொருள். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. வேறு எதையும் தொடாமல் முதலில் படங்களை வெளி டிரைவுக்கு மாற்றினோம். அன்று ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

2024-ல உலகம் முழுக்க நீலத் திரை வந்துச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாவது கேள்வியில் கெர்னல் என்று சொன்னேனே, அந்த மென்பொருளின் டிரைவரும் அங்கேதான் இருக்கிறது. சாதாரணப் புரோகிராம் விழுந்தால் அது மட்டும் மூடும். கெர்னலில் இருப்பது தடுக்கினால் முழு இயந்திரமும் விழும். அதனால்தான் பெயர் தெரியாத ஆன்டிவைரஸ் எதையும் நிறுவ வேண்டாம் என்கிறேன்.

விலக்குப் போட்டது நெசமாவே வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது?

ஐகார் (EICAR) என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், கெடுதல் ஒன்றும் செய்யாது. எல்லா முக்கிய ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலவே பிடிக்கும்படி உலகளவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த எழுத்துகளை நோட்பேடில் ஒட்டி, முதலில் விலக்கிய ஃபோல்டரில் சேமியுங்கள். சத்தம் எதுவும் வரக்கூடாது. அப்புறம் அதையே டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். உடனே எச்சரிக்கை எழ வேண்டும்.

டெஸ்க்டாப்பிலும் சத்தம் வரவில்லை என்றால் உங்கள் பாதுகாப்பு எங்கோ அணைந்து கிடக்கிறது, அல்லது யாரோ தேவைக்கு மேல் விலக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அலுவலகக் கணினி என்றால் செய்வதற்கு முன் கணினிப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் திரையிலும் எச்சரிக்கை வரும். முடிந்ததும் விலக்கிய ஃபோல்டரில் இருக்கும் அந்தப் பிரதியை நீங்களேதான் அழிக்க வேண்டும்.